பன்னிரண்டாவது இணைப்பு

சுஜீதனின் இடது முழங்காலுக்கு மருத்துவ அறிக்கை கேட்டு இராணுவ மீளாய்வுக் குழுவிலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்த முழங்காலில் அதுவரை ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

சிட்னி, செவன் ஹில்ஸ் வீட்டுக் குசினியில் சிறிதரன் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தார். எதிரே கதிரையில் இருந்து மகன் சுஜீதன் பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தான்.

"அப்பா, என்ர முழங்காலைப் பற்றி ஆர் அவையளுக்குச் சொன்னது?"

"அருந்தவன்."

"அருந்தவன் அங்கிளுக்கு ஆர் சொன்னது?"

சிறிதரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தின் நுனியில் துடைத்தார். "அது நான்தான். எட்டு வருஷத்துக்கு முதல்."

எட்டு வருடத்துக்கு முன் சுஜீதன் இந்த நாட்டு இராணுவத்தில் மருத்துவ உதவியாளனாக இருந்தான். ஒரு புதன்கிழமை முகாமில் எல்லோரிடமும் சிறுநீர் எடுத்துச் சோதித்தார்கள். இவனுடையதில் கஞ்சா இருந்தது. 'பொருத்தமற்ற நடத்தை காரணமாக விலக்கப்பட்டார்' என்று ஒரு பத்திரத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கே எடுத்தாய், யாரிடம் வாங்கினாய் என்று அங்கேயும் கேட்டார்கள், வீட்டிலும் கேட்டார்கள். "நான்தான். விடுங்கோ" என்பதற்கு மேல் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. சிறிதரன் ஒரு வருடம் அவனோடு கதைக்கவில்லை. ஊருக்கு முழங்கால் என்று சொல்லிவிட்டார்.

சொன்னதைத் திருத்தமாகச் சொல்பவர் அவர். எந்தக் கால், எந்தச் சவ்வு, எந்தப் பயிற்சியில் விழுந்தது எல்லாம் சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் போத்தல் போத்தலாக எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோயிலுக்குப் போனால் சுஜீதன் தகப்பனின் மரியாதைக்காகக் கொஞ்சம் நொண்டுவான். எந்தக் கால் என்பதுதான் அடிக்கடி மறந்துபோகும்.

இப்போது அந்தப் பத்திரத்தை மாற்றியே ஆகவேண்டும். எட்டு வருடம் களஞ்சியமொன்றில் போர்க்லிப்ட் ஓட்டிய பிறகு சுஜீதன் அம்புலன்ஸ் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். எழுத்துப் பரீட்சை, ஓட்டம், நேர்முகம் எல்லாவற்றிலும் தேறிவிட்டான். இராணுவப் பத்திரம் ஒன்றுதான் பாக்கி. மார்ச் முடியும்வரை அவனுக்கு இடம் வைத்திருப்பார்கள். விலக்கிய காரணத்தை மீளாய்வுக் குழு மாற்றினால் வேலை; இல்லையென்றால் ஆயுசுக்கும் போர்க்லிப்ட்.

சுஜீதன் முதலில் தானாகவே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தான். சிறிதரன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது மனுவோ? கடைக்குச் சாமான் எழுதின துண்டு மாதிரிக் கிடக்கு."

"உண்மையைத்தானே எழுதியிருக்கிறன் அப்பா. பிழை விட்டனான், மன்னிக்கவேணும் எண்டு."

"உண்மைக்கும் ஒரு உடுப்பு வேணுமடா. நீ விடு. நான் கச்சேரியில தலைமை எழுதுவினைஞராய் இருந்தவன்."

அதற்கு மேல் யாரும் பேச முடியாது. யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் அவர் எழுதிய கடிதத்தில் எந்த அரசாங்க அதிபரும் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றியதில்லை. சிட்னிக்கு வந்து பாண் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் நின்றபோதும், மதிய உணவறையின் மைக்ரோவேவ் பழுதாகிவிட்டது என்று நான்கு இணைப்புகளோடு முறைப்பாடு எழுதியவர். மைக்ரோவேவ் இரண்டே நாளில் மாறியது.

இருபத்திரண்டு பக்க மனு போயிற்று. நற்சான்று கொடுத்தவர் கோயில் செயலாளர் அருந்தவன். பத்திரங்களுக்கு முத்திரை குத்தும் சமாதான நீதவான் வேறு. சுஜீதன் ஒழுக்கத்தில் தங்கம் என்றும், முழங்கால் காரணமாக மாத்திரமே படையை விட்டு விலகினான் என்றும் முத்திரை குத்தி எழுதியிருந்தார். அதனால்தான் இந்தக் கடிதம். அடியில் இன்னொரு வரியும் இருந்தது: நற்சான்று தருபவர், விலக்கப்பட்டதன் உண்மையான காரணம் தமக்குத் தெரியும் என்று எழுதவேண்டும்.

"முடிஞ்சுது. மானத்தை மீட்கிறதுக்கு முதல்ல அதை ஊருக்கு வித்துப்போட்டு வரச் சொல்லுறாங்கள்" என்றான் சுஜீதன்.

"ஊருக்கு ஏன்? அருந்தவனுக்கு மட்டும் சொன்னால் போதும்" என்றார் சிறிதரன்.

ஹரிஸ் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மூலை மேசையில் வைத்து அவர் சொன்னார். அருந்தவன் வடையை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"அப்ப நான் ரெண்டு வருஷம் அந்த முழங்காலுக்கு அர்ச்சனை செய்தது?"

"வீண் போகாது. ஆருக்காவது சேர்ந்திருக்கும்."

"எந்தச் சாமான் எடுத்தவன்?"

சிறிதரனுக்கு அந்தச் சொல்லை வடைக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை. "போதைப்பொருள்" என்று மட்டும் சொன்னார். "உமக்கு மட்டும்தான் சொல்லுறன்."

"என்ர வாயில இருந்து ஒரு சொல் வெளிய போகாது" என்றார் அருந்தவன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் சுஜீதன் வழக்கம்போல நொண்டினான். பொங்கல் கொடுத்த அன்ரி அவன் கையைப் பிடித்து, "இனி நொண்டத் தேவையில்லை ராசா. எல்லாருக்கும் வாறதுதான்" என்றார்.

அடுத்த பத்து நாளில், கேட்காமலே பத்துக் கடிதங்கள் வந்தன. சிலர் தபாலில் அனுப்பினார்கள்; சிலர் இடியப்பப் பெட்டியோடு நேரில் கொண்டுவந்து தந்தார்கள். எல்லோரும் அவனைப் பிள்ளையாய்ப் பிறந்ததிலிருந்தே அறிவார்கள். எல்லோருக்கும் உண்மையான காரணமும் தெரியும். ஆனால் எந்தச் சாமான் என்று அருந்தவன் சொல்லாததால் ஆளுக்கொன்றை ஊகித்திருந்தார்கள். நான்கு பேர் ஹெரோயின் என்றார்கள். இரண்டு பேர் ஐஸ். ஒருவர் அபின், ஒருவர் கொக்கேன். ஒரு கணக்காளர் 'பலவகை' என்று எழுதியிருந்தார். இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் மட்டும் இவ்வளவு தூரம் போக மனமில்லாமல் 'கள்' என்று எழுதி, தானும் இளமையில் குடித்ததுண்டு என்று சேர்த்திருந்தார்.

"இதுகளை அனுப்பக்கூடாது அப்பா."

"கைக்கு வந்த ஆவணத்தை மறைக்கிறதோ? என்ர சேவைக்காலத்தில அப்பிடி ஒண்டு நடந்ததில்லை."

அருந்தவனின் திருத்திய கடிதத்தையும் சேர்த்து மொத்தம் பதினொன்றையும் இலக்கமிட்டு, நூலால் கட்டி அனுப்பினார்.

பதில் ஒரே கிழமையில் வந்தது. விண்ணப்பதாரியின் கோப்பில் ஒரு தடவை, ஒரு பொருள் மட்டுமே உள்ளது. நற்சான்றுகளிலோ ஐந்து வகை காணப்படுகிறது. தந்தையும் மகனும் மார்ச் இருபதாம் திகதி பரமட்டா அலுவலகத்துக்கு நேரில் வந்து விளக்கவேண்டும். தந்தைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஒழுங்கு செய்யப்பட்டுள்ளார்.

சிறிதரனைச் சுட்டது கடைசி வரிதான். "எனக்கு மொழிபெயர்ப்பாளரோ?"

"அப்பா, அனுப்பக்கூடாது எண்டு சொன்னனான். இப்ப நான் ஹெரோயின்காரன். இனி ஒண்டும் அனுப்பாதேங்கோ. பிளீஸ்."

"ஒண்டே ஒண்டு. இவன் எப்பிடிப்பட்ட வீட்டில வளர்ந்த பிள்ளை எண்டு அவையள் கண்ணால பாக்கவேணும்."

அறைக்குள் போய் அவர் எடுத்துவந்தது ஒரு படம். சுஜீதன் அதைக் கண்டதும் எழும்பிவிட்டான்.

"அந்தப் படம் வேண்டாம்."

தாயின் முகத்தைப் பார்க்கப் பிள்ளைக்கு இன்னும் தாங்காது என்று சிறிதரன் விளங்கிக்கொண்டார். அவருக்கும் அது இலேசான காரியமல்ல. மனைவி இராஜேஸ்வரிக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு வந்த கடைசிக் கோடையில் எடுத்தது. அதற்கு நாலு மாதத்தில் ராஜி போய்விட்டாள். ஆனால் அந்தக் கோடையை நினைத்தால் அவருக்குச் சிரிப்புத்தான் முதலில் ஞாபகம் வரும். ஒருநாள் தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை பார்த்துக்கொண்டிருந்த இருவரும் முக்கால் மணித்தியாலம் கண்ணீர் வரச் சிரித்தார்கள். அடிலெய்டில் மழை என்றதுதான் பகிடி. வியாதி வீட்டில் அப்படிச் சிரிப்பதற்கு ஒரு மனத்தைரியம் வேண்டும், அது ராஜிக்கு இருந்தது என்று அவர் பலரிடமும் சொல்லியிருக்கிறார்.

படத்தில் ராஜி பின்வளவில் கதிரை போட்டு இருந்தாள். தலையில் பருத்தித் துணி. பக்கத்தில் சீருடையோடு சுஜீதன். பின்னால் கறிவேப்பிலை, முருங்கை, ராஜியின் மருந்துச் செடி எல்லாம் தளதளவென்று நின்றன. அந்தப் பச்சைக்குள் தொப்பியால் முகம் மறைந்த ஒருவர் தண்ணீர்க் குழாயோடு நின்றார். பக்கத்து வீட்டு மால்ட்டாக்காரி கார்மென் எடுத்த படம்.

பின்பக்கம் தன் வழக்கப்படி அவர் அன்றைக்கே குறிப்பு எழுதியிருந்தார். அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, அருந்தவனிடம் முத்திரை வாங்கி, பன்னிரண்டாவது இணைப்பாகத் தபாலில் சேர்த்தார்: 'ஞாயிறு, பெப்ரவரி 12. இடமிருந்து வலம்: இராஜேஸ்வரி, சுஜீதன். மதியம்: சோறு, ஆட்டிறைச்சிக் கறி, பருப்பு, கார்மென் தந்த மருந்துச் செடியின் இலையில் ராஜி செய்த வறை. அதைச் சாப்பிட்டால் ராஜிக்கு வாந்தி வருவதில்லை. சுஜீதன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான்.' குறிப்பு எழுதுபவர் தன் பெயரைப் போடுவது கச்சேரி வழக்கமல்ல. அதனால் போடவில்லை.

மார்ச் இருபதாம் திகதி சிறிதரன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனார். குழுவில் மூன்று பேர். தலைவி நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய பெண். சிறிதரனுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் வந்து இருந்தாள். யுவனேஸ்வரி என்ற மலேசியத் தமிழ்ப் பெண்.

"வணக்கம் ஐயா. ஏதாச்சும் புரியலன்னா கேளுங்க."

"நீர் ரெஸ்ட் எடும் பிள்ளை. இங்க உமக்கு வேலை இராது."

உண்மையில் இருக்கவில்லை. ஐந்து வகைப் போதைப்பொருள் பற்றித் தலைவி கேட்டபோது, சிறிதரன் எழுந்து நின்று தமிழரின் அன்பு, ஊகம், அருந்தவனின் வாய் ஆகிய மூன்றையும் பிழையற்ற ஆங்கிலத்தில் விளக்கினார். முழங்கால் தன்னுடைய கற்பனை என்று ஒப்புக்கொண்டார். "மகனுக்கு அதில் பங்கில்லை, நொண்டியதைத் தவிர" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். காரியம் கைகூடிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது.

பிறகு தலைவி சுஜீதனைப் பார்த்தாள். கஞ்சா எங்கிருந்து வந்தது என்று எட்டு வருடத்துக்கு முன் சொல்லவில்லை, இன்றைக்காவது சொல்வாயா என்று கேட்டாள்.

"நான்தான் பொறுப்பு" என்றான் அவன், பழையபடி.

தலைவி பெருமூச்சு விட்டு ஆவணக் கட்டைப் புரட்டினாள். பன்னிரண்டாவது இணைப்பு வந்தது. பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். எழும்பி யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தாள். அவர் படத்தைவிட்டுக் குறிப்பை வாசித்தார். குறிப்பிலிருந்த திகதியைக் கோப்பிலிருந்த சோதனைத் திகதியோடு ஒப்பிட்டார்; மூன்று நாள்தான் வித்தியாசம்.

"இது உங்கள் வீட்டுத் தோட்டமா?" என்று தலைவி கேட்டாள்.

"ஆம், அம்மணி."

"குறிப்பில் உள்ள மருந்து இலை, இந்த உயரமான செடியுடையதா?"

"அதுவேதான். என் மனைவிக்குச் சோறு இறங்கியது அதனால்தான். தேங்காய்ப்பூ போட்டு வதக்கினால் அப்படி ஒரு ருசி. நானும் தினமும் சாப்பிட்டேன்."

சுஜீதன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். தலைவி அவன் பக்கம் குனிந்து மெல்ல ஏதோ கேட்டாள். அவனும் மெல்லவே பதில் சொன்னான். சிறிதரனின் காதில் 'அம்மா' என்பது மட்டும் விழுந்தது. பிறகு தலைவி மற்ற இருவரையும் பார்த்தாள், அவர்கள் தலையசைத்தார்கள். அவள் சிறிதரனிடம் திரும்பி நீளமாக ஒன்றைச் சொன்னாள்.

ஒவ்வொரு சொல்லும் அவருக்குத் தெரிந்த சொல்தான். இருந்தும், வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன் ஆங்கிலத்தில் அவருக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்தில் திரும்பினார்.

"பிள்ளை, இவ என்ன சொல்லுறா?"

யுவனேஸ்வரி அடக்குவது சிரிப்பையா, அழுகையையா என்று தெரியவில்லை.

"டெஸ்ட் ரிசல்ட் வந்தப்பதான் உங்க மகனுக்கே விஷயம் புரிஞ்சிச்சாம் ஐயா. சொன்னா நோயாளி அம்மாவ வந்து விசாரிப்பாங்கன்னு அப்ப வாயத் திறக்கலையாம்; அம்மா போனப்புறம் அவங்க பேரு கெடக்கூடாதுன்னு இத்தன வருஷமும் சொல்லலையாம்."

சிறிதரன் மகனைப் பார்த்தார். அவன் நிலத்தைப் பார்த்தான்.

"பத்திரத்த மாத்திக் குடுத்துடுறாங்களாம்" என்று யுவனேஸ்வரி தொடர்ந்தாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கணுமாம்: இந்தப் படத்துல தொப்பி போட்டுக்கிட்டு, கஞ்சாச் செடிக்கு அவ்வளவு பாசமா தண்ணி ஊத்துறவரு யாருன்னு கேக்குறாங்க."