கடைமடை பாய்

நீடாமங்கலத்தில் எந்த வீட்டு ஸ்பீக்கர் இருமினாலும், அது எந்த ஒயரின் இருமல் என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். அவருடைய நிஜப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கடைமடை பாய் என்றால் தெரியும்.

கல்ஃபிலிருந்து திரும்பி, ரயிலடிப் பக்கம் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தார். யார் வீட்டுக்குப் போனாலும் முன்னால் உட்கார மாட்டார். நேரே பின்னால் இருக்கும் ஸ்பீக்கரிடம் போய்க் காதை வைத்து, "கடைமடைக்கு வருதா?" என்பார். ஆற்றுத் தண்ணீர் கடைசி வயல் வரை வந்ததா என்று கேட்கிற கேள்வியை அவர் பாட்டுக்கும் கேட்டார். ஒரு கல்யாணத்தில் இப்படிக் காதைத் தீட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்து, சமையல்கட்டுக்குள் போய்விட்டார். ஆள் தெரியாமல் யாரோ ரச வாளியைக் கையில் கொடுக்க, மூன்று பந்தி பரிமாறிவிட்டுத்தான் மனிதர் வெளியே வந்தார்.

குவைத்திலிருந்து ஒரு மாத லீவில் வந்த என் அண்ணன் ஹோம் தியேட்டர் ஒன்றைத் தூக்கி வந்தான். அப்பாவுக்குக் காது மந்தம். வயலில் ஆயில் எஞ்சின் பக்கத்திலேயே நின்று போன காது. அவரோடு உட்கார்ந்து ஒரு படம், ஒரே ஒரு படம், ஒழுங்காகப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. வெள்ளிக்கிழமை விமானம்.

பாஸ்த்ரூவில் போட்டால் டி.வி.டி. பிளேயர் சத்தத்தைத் தொடாமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பிவிடும். ரிசீவர் அதை ஐந்து ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும். வீடே அதிரும், வசனம் மட்டும் அப்பாவுக்குக் கேட்காது. பாயைக் கூப்பிட்டோம். பேச்சை மட்டும் தூக்கிக் கொடுக்கலாமென்று அவர் தன் பழைய ஈக்வலைசரைப் பிளேயருக்கும் ரிசீவருக்கும் நடுவில் மாட்டினார். வசனம் கணீரென்று வந்தது. ஆனால் அந்தப் பழைய பெட்டி இரண்டு வழிச் சத்தத்தைத்தான் கடத்தும்; பின்னால் இரண்டு ஸ்பீக்கரும் ஊமையாகிவிட்டன.

"சரவுண்ட் போனா போவட்டும், விடுங்க பாய்" என்றான் அண்ணன்.

"கடைமடையைக் காய விட்டுட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கடை தொறக்குறது தம்பி?"

மூன்று நாள் எங்கள் கூடத்தில் ஒயர்களுக்கு நடுவே குடியிருந்தார். வியாழக்கிழமை காலை அப்பா பொறுமை இழந்தார்.

"அப்படி என்னதான்டா தகராறு?"

"பாஸ்த்ரூப்பா! பாஸ்த்ரூ!" என்று அண்ணன் கத்தினான்.

"பாசனமா? பாசனத்துக்கு எவனாச்சும் ஆத்துல போயி கை வைப்பானா? அது பாட்டுக்கு வரட்டும். வாய்க்கா பிரிஞ்சப்புறம், எந்த வயலுக்கு வேணுமோ அந்த மடையில கைய வையி!"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பாய் சிரிக்கவில்லை.

"அண்ணே! பேச்சு வர்ற மடை நடு ஸ்பீக்கருண்ணே!"

பிளேயரிலிருந்து ரிசீவர் வரை கை வைக்கவே இல்லை. ரிசீவர் பிரித்த பிறகு, நடு ஸ்பீக்கருக்குப் போகிற லைனில் மட்டும் ஈக்வலைசரை மாட்டினார். பிறகு பின்னால் ஓடினார். "கடைமடைக்கு வந்துருச்சு!"

அதுவரை படம் ஓடும்போது அப்பா எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கடைசியாகச் சிரிப்பார். அன்று மத்தியானம், வசனம் முடிவதற்குள் அவர் சிரித்துவிட்டார். அண்ணன் படம் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் போய் ஒரு வாரம் கழித்து, கூப்பிடாமலே ஒரு ஒயரோடு வந்தார் பாய். டெலிபோனுக்கும் நடு ஸ்பீக்கருக்கும் முடிச்சுப் போட்டார். முதலில் ஸ்பீக்கர் போட்ட ஊளையில் கொல்லைக் காக்கைகள் எல்லாம் பறந்தன. அப்புறம் குவைத்திலிருந்து, "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கூடம் முழுக்கக் கேட்டது.

"சாப்பிட்டேன்டா" என்றார் அப்பா, முதல் தடவையாக 'என்னது?' என்று கேட்காமல்.

பாய் போனை வாங்கிக்கொண்டார். "நானும் பத்து வருசம் அங்க கெடந்தவன்தான் தம்பி. எங்க அத்தாவுக்கும் காது கேக்காது. நான் பேசுனது ஒண்ணும் அவருக்குப் போயே சேரல." போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, "இப்ப சொல்லுங்க, அங்க கடைமடைக்கு வருதா?"

"வருது பாய்" என்றான் அண்ணன்.