விபத்தில்லா முப்பது நாள்

மலேசியாவின் ஜாசின் பட்டணத்தில், மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் இயங்கும் ஒளிக்கதிர் கல்வி உதவிக் கூட்டுறவுக் கழகத்தின் சர்வர், ஆயுத பூஜைக்கு மறுநாள் முதல் விழத் தொடங்கியது. நின்ற இடத்திலேயே விழும். திரை நீலமாகும், எல்லோரும் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். அந்த வகையில் அது ஊழியர் நலனுக்குப் பெரிதும் பாடுபட்டது.

கழகத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் தனபாலனுக்கு வயது ஐம்பத்து நான்கு. பிரிவில் அவர் ஒருவரே. ஆகவே தலைமைக்குப் போட்டியில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் உருவினார் என்பதற்காகக் கிடைத்த பதவி. இதற்குத் தாம் தகுதியானவர்தானா என்று தினமும் யோசிப்பார். யோசித்து முடிப்பதற்குள் மணி ஐந்தாகிவிடும்.

சர்வர் ஏன் விழுகிறது என்பது அவருக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது.

பூஜையன்று சர்வருக்குச் சந்தனப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நறுக்கும்போது, கழகத் தலைவர் வீராசாமி, "நல்ல நாள்ல புதுசா ஏதாச்சும் போடணும்லா, தம்பி" என்றார். ஆளுக்கென்றால் வேட்டி, காருக்கென்றால் சீட் உறை. சர்வருக்கு என்ன போடுவது? தனபாலன் புது டிரைவர் போட்டார். ஹார்ட்டிஸ்க்குகளை மேய்க்கும் கார்டுக்கும் கணினிக்கும் நடுவே நின்று பேச்சைக் கடத்தும் சின்ன மென்பொருள் அது. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்ற தோட்டத்துக் கிராணி மாதிரி. பழைய கிராணி பத்து வருஷம் ஒழுங்காகப் பேசியது. புதியதற்கு இந்தக் கிழட்டுப் பெட்டியின் பாஷை புரியவில்லை. பெரிதாக எதையாவது சேமித்தால் மயங்கி விழுந்தது.

பழையதைத் திரும்பப் போடப் பத்து நிமிஷம் போதும். "இதை யார் மாத்தினது?" என்று கேட்டால் பதில் சொல்லும் தைரியத்துக்குத்தான் நாள் பிடித்தது.

அதற்குள் விசாரணைக் குழு கூடிவிட்டது. செயலாளர் திலகவதி அறிக்கை வாசித்தார். "சர்வர் விழுந்த பதினேழு தடவையும் ஒப்பந்த ஊழியர் தேவமலர் அதில் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் விடுப்பில் இருந்த மூன்று நாளும் சர்வர் விழவில்லை. ஆகவே காரணம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது."

"மேடம், வேற யாருமே அதுல வேலை செய்யறதில்லையே," என்றாள் தேவமலர்.

"அதனாலதான் எங்க கையில விழல," என்றார் வீராசாமி.

மறுத்துப் பேச வாயைத் திறந்த தனபாலன், அதைக் கொட்டாவியாக மாற்றி மூடிக்கொண்டார்.

தேவமலர் இனிச் சர்வரைத் தொடலாகாது. அடுத்த மாதக் கடைசியில் முடியும் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அந்த ஒரு மனதில் தனபாலனின் மனமும் அடக்கம். அதன் பிறகும் அவள் செலண்டாரிலிருந்து பஸ் ஏறி வந்து, எட்டு மணிக்கெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் சர்வரில் ஏற்ற வேண்டிய மாணவர் மனுக்கள் நூற்று நாற்பது மேசையில் குவிந்தன. சர்வர் மட்டும் விழவேயில்லை. 'விபத்தில்லா முப்பது நாள்' என்று பேனர் கட்டி, ஆளுக்கொரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள்.

தேவமலர் தன் பொட்டலத்தைப் பிரிக்காமல் தனபாலன் மேசையில் வைத்தாள். "நீங்களே சாப்பிடுங்கண்ணே. ரெண்டு பிள்ளைங்க ஸ்கூல் போவுது. நான் என்னா செஞ்சேன்னு ஒங்களுக்காவது தெரியுமா?"

தெரியும். அதுதான் தொல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்து பழைய டிரைவரைப் போட்டார். 'புது டிரைவர் போட்டது நான், குற்றம் என்னுடையதே' என்று கடிதம் எழுதி, விசாரணைக் குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நீட்டினார்.

வீராசாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது காகிதமால்ல இருக்கு. சர்வர்ல பதியாத கடிதம் கடிதமே இல்லன்னு விதி இருக்கு. விசாரணைக் கோப்பையும் சேத்துப் பதிஞ்சிடுங்க."

எப்படிப் பதிவது? கூட்டத்திலிருந்த எட்டுப் பேரும் தேவமலரைப் பார்த்தார்கள்.

"எனக்குத்தான் தடை போட்டிருக்கே," என்றாள், கட்டிய கையை அவிழ்க்காமல்.

டிரைவர் போடத் தெரிந்தாலும் கோப்புப் பதியத் தெரியாத பிரிவுத் தலைவரே உட்கார வேண்டியதாயிற்று. அவள் பின்னால் நின்று சொல்லிக்கொடுத்தாள். "லெப்ட்லண்ணே. அதுக்குக் கீழ. ஐயோ, அது கேல்குலேட்டர்."

அப்போது திரையில் ஓர் அறிவிப்பு வந்தது: புதிய டிரைவர் உள்ளது. நிறுவலாமா?

"புதுசு வந்திருக்காமே!" என்றார் வீராசாமி. "ஏன் இன்னும் பழசக் கட்டிக்கிட்டு அழுவறோம்? போடுலா, தம்பி."

"வேணாண்ணே," என்றாள் தேவமலர்.

தலைவர் பக்கத்தில் நின்றார். எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனபாலனின் விரல் அவருடைய மனசாட்சியைவிட வேகமானது.

புது டிரைவர் ஏறியது. கடிதத்தையும் கோப்பையும் சேமித்தார். திரை நீலமானது.

திலகவதி அங்கேயே தீர்மானம் எழுதினார். "சர்வர் விழுந்தபோது தேவமலரின் கை கட்டியிருந்ததை எட்டுப் பேர் கண்ணால் கண்டனர். ஆகவே அவர் காரணமல்ல. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது. உண்மைக் காரணம் யாரென்று தெரியவில்லை."

"நான்தான்," என்றார் தனபாலன். "கடிதத்துல எழுதியிருக்கேனே!"

"எந்தக் கடிதம்?" என்றார் வீராசாமி, அதே காகிதத்தால் விசிறிக்கொண்டு. "அதான் பதியலையே. பாவம், ஒனக்கு வேலை ஜாஸ்தி தம்பி."

காரணத்தைக் கண்டுபிடிக்கத் தனபாலன் தலைமையில் புதுக் குழு அமைத்துவிட்டு, எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள்.

தேவமலர் கையை அவிழ்த்து முதல் மனுவை எடுத்தாள். "அண்ணே, பழசத் திரும்பப் போட எவ்வளவு நேரம் ஆவும்?"

"பத்து நிமிஷம்," என்றார் தனபாலன், தலை நிமிராமல். குழுவுக்கு ஒரு மாத அவகாசம் கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.