கடைசி ஒரு மணி நேரம்

திரையின் அடியில் ஓடிய நீலக் கோட்டின்மேல் இருந்த சிறு உருண்டையைச் சுட்டியால் பற்றி, இளைய மருமகன் அதை வலக்கோடிக்கு அருகே இழுத்து நிறுத்தினான். வட்டம் ஒன்று சுழன்றது. பின்னர் திரை முழுவதும் கறுத்தது. ஒலிபெருக்கியிலிருந்து சரசரவென்று ஓர் ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது.

உருண்டையை மீண்டும் இடக்கோடிக்குக் கொண்டுவந்தான். படம் உடனே உயிர்பெற்றது. பேருந்தின் சன்னலும், சன்னலுக்கு வெளியே விரையும் மரங்களும், அவற்றில் பாதியை மறைத்த மாமனாரின் கட்டைவிரலும் துல்லியமாகத் தெரிந்தன.

"முதல்ல நல்லாத்தான் ஓடுது. கடைசிக்குத் தாண்டினா மட்டும் மூச்சை விட்டுடுது," என்றான்.

"அப்ப தாண்டாம பாருங்க," என்றாள் மனைவி, துணிகளை மடித்தபடி.

"நாலு மணி நேரப் படம்! உங்கப்பா மத்தியானமே வந்துடுவார்."

"ஏற்கெனவே பார்த்துட்டேன்னு அவர்கிட்ட சொன்னது யாரு?"

அவன் உருண்டையைப் பிடித்து மறுபடியும் வலக்கோடிக்கு இழுத்தான்.

பணி ஓய்வு பெற்றதும் மாமனார் ஏரிகளைக் காண ஒரு சுற்றுலா சென்றிருந்தார். கேமராவை ஒரு கணமும் அணைக்காமல் நான்கு மணி நேரப் படம் ஒன்றை எடுத்துவந்து, அதை ஒரே கோப்பாக ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, மருமகன்கள் இருவருக்கும் முறைவைத்துப் பார்க்கக் கொடுத்திருந்தார். மூத்த மருமகன் வந்தால் வாசல்வரை எழுந்துவந்து வரவேற்கும் அவர், இளையவனிடம் "சாப்பிட்டாச்சா?" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் செலவழித்ததில்லை. அப்படிப்பட்டவர் சென்ற வாரம் தாமாகவே தொலைபேசியில் அழைத்து, "படம் பார்த்தீங்களா?" என்று கேட்டபோது, இவனுக்குக் கைகால் ஓடவில்லை.

"முழுசும் பார்த்தேன் மாமா. அதுலயும் அந்தக் கடைசி ஒரு மணி நேரம் இருக்கே... கண்ணு கலங்கிடுச்சு."

மறுமுனையில் அவர் ஒருமுறை இருமிக்கொண்டார்.

"அப்படியா மாப்பிள்ளை? ஞாயித்துக்கிழமை வர்றேன். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தை நாம ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்."

அவர் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. அதனைப் பாசம் என்றே இவன் கொண்டான்.

இப்பொழுது அந்தப் பாசத்தைக் காப்பாற்ற வேண்டிய கடமை இவன் தலையில் விழுந்திருந்தது. உடனே அலுவலக நண்பர் ஒருவரை அழைத்தான். கணினியில் எந்தக் கோளாறு நேர்ந்தாலும், "வைரஸா இருக்கும்" என்றே அவர் பேச்சைத் தொடங்குவதால், அவருக்கு வைரஸ் என்னும் பெயரே நிலைத்துவிட்டது.

"வைரஸா இருக்கும்," என்றார் வைரஸ். "இல்லேன்னா அந்த ஹார்ட் டிஸ்க் கிழம். பெரிய ஃபைலை அதுலேருந்தே ஓட்டினா திணறத்தான் செய்யும். கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணி ஓட்டுங்க."

கணினியில் இடம் போதவில்லை. எனவே 'பழையவை' என்னும் பெயரிட்ட தொகுப்பு ஒன்றை இவன் அழித்தான். அதில் இருந்தவை மனைவியின் தையல் வகுப்புப் பாடங்கள் என்பது பிற்பாடுதான் தெரியவந்தது.

"பழசுன்னு பேர் வெச்சா அழிச்சுடுவீங்களா? அப்ப உங்களையும் நான் என்ன பண்ணணும்?" என்றாள் அவள்.

நகல் ஏறி முடிந்தது. உருண்டையை இழுத்தான். அதே கறுப்பு; அதே சரசரப்பு.

"ப்ளேயரை மாத்துங்க," என்றார் வைரஸ்.

மாற்றினான். புதிய ப்ளேயர் கறுப்பை மேலும் அழுத்தமான கறுப்பாகக் காட்டியது. சரசரப்பு மட்டும் நின்றுபோயிற்று. உண்மையில், கணினியின் எல்லா ஒலிகளும் நின்றுபோயிருந்தன.

"சரி, புரிஞ்சுபோச்சு," என்றார் வைரஸ், மருத்துவர் கைநாடியை விடுவதுபோல. "பெரிய வீடியோவுக்குள்ள இண்டெக்ஸ்னு ஒண்ணு இருக்கும். புத்தகத்துல பொருளடக்கம் இருக்கே, அது மாதிரி. அது கெட்டுப்போனா, எந்த இடம் எங்கே இருக்குன்னே ப்ளேயருக்குத் தெரியாது. ஒரு ரிப்பேர் சாப்ட்வேர் அனுப்பறேன். ஓட விடுங்க."

அந்த மென்பொருள் முதலில் இடம் கேட்டது. கணினியிலிருந்த நகலை அழித்து இடம் கொடுத்தான். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள மூலத்தின் மீதே எழுதலாமா என்று அடுத்து வினவியது. 'ஆம்' என்னும் பொத்தான் பெரிதாகவும் பச்சையாகவும் இருந்தமையால் அதையே அழுத்தினான். பழுதுபார்ப்பு பாதியை எட்டிய வேளையில், இஸ்திரிப் பெட்டிக்கு இடம் வேண்டி, மனைவி சுவரிலிருந்த ஒரு பிளக்கைப் பிடுங்கினாள்.

ஹார்ட் டிஸ்க் 'டிக்' என்று ஒரு சொல் சொல்லி அடங்கியது.

"அது எதோட பிளக்குன்னு பார்க்க மாட்டியா?"

"எல்லாமே கறுப்பா இருந்தா எதுன்னு தெரியும்?"

மீண்டும் இணைத்துப் பார்த்தான். கோப்பின் பெயர் இருந்தது. அளவு பூஜ்யம் என்றிருந்தது. கடைசி ஒரு மணி நேரம் மட்டுமன்று, முதல் மூன்று மணி நேரமும், மாமனாரின் கட்டைவிரலும்கூட மறைந்துபோயிருந்தன.

"காலையிலேருந்து சும்மா ஓட விட்டிருந்தா, இந்நேரம் பார்த்தே முடிச்சிருக்கலாம்," என்றாள் மனைவி. அப்பொழுது அழைப்புமணி ஒலித்தது.

மாமனாரும் மாமியாரும் உள்ளே வந்தனர். மாமனார் நேரே நாற்காலியில் அமர்ந்து, கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, "போடுங்க மாப்பிள்ளை," என்றார்.

இவன் கணினியை மறைத்தாற்போல் வந்து நின்றான்.

"மாமா, ஒரு தப்பு நடந்துபோச்சு. நல்லாத் தெரியணும்னு சரிபண்ணப் பார்த்தேன். படம் மொத்தமும் அழிஞ்சுபோச்சு. என்னை மன்னிச்சுடுங்க."

மாமனார் சிறிது நேரம் கூரையைப் பார்த்தார்.

"போனா போகட்டும். பெரிய மாப்பிள்ளைகிட்ட ஒரு காப்பி இருக்கு."

இவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் அமர்வதற்குள் அவர் தொடர்ந்தார்.

"அது வர்றப்ப வரட்டும். நீங்கதான் கண்ணு கலங்கப் பார்த்திருக்கீங்களே! அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தை நீங்களே சொல்லுங்க. கண்ணை மூடிட்டுக் கேட்கிறேன்."

சொன்னபடியே கண்களை மூடிக்கொண்டார். மனைவி சட்டென்று அடுக்களைக்குள் நுழைந்தாள். காப்பாற்றுவார் எவரும் இல்லாத நிலையில், இவன் தொண்டையைச் செருமினான்.

"ஏரி வருது மாமா. பெரிய ஏரி. சூரியன் இறங்குது. தண்ணி முழுக்கத் தங்கம் உருக்கி ஊத்தினாப்பல இருக்கு."

"ம்."

"பறவைங்க வரிசையாப் போகுது."

"பறவையா? என்ன நிறம்?"

"வெள்ளை மாமா. றெக்கை நுனியில மட்டும் கொஞ்சம் சிவப்பு."

"அடடா! நான் இதைக் கவனிக்கலையே. அப்புறம்?"

இந்த ஊக்கம் இவனை எங்கோ கொண்டுசென்றது. ஏரியில் ஒரு படகு மிதந்தது. படகில் ஒரு முதியவர் தனியே துடுப்பு வலித்தார். கரையில் அவருடைய நாய் காத்திருந்தது. காற்று எழுந்தது, படகு தள்ளாடியது, நாய் நீரில் குதித்தது. மாமனாரின் தோள்கள் மெல்லக் குலுங்கின.

"நீங்க அழுதது எந்த இடத்துல?"

"அந்த நாய் நீந்திப் போய்ப் படகுல ஏறுதே, அந்த இடத்துல மாமா."

மாமனார் கண்ணாடியைக் கழற்றி ஈரக் கண்களைத் துடைத்தார்.

"பெரிய மாப்பிள்ளைக்கு இதெல்லாம் ரசிக்கத் தெரியாது. கடைசியில ஒண்ணுமே தெரியலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார். நீங்கதான் எனக்கு ஏத்த மாப்பிள்ளை."

இவன் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்து அந்த நாய்க்கு ஒரு குட்டியையும் சேர்க்கலாமா என்று எண்ணமிட்டான்.

அதுவரை வாய் திறவாது தேநீர் அருந்திக்கொண்டிருந்த மாமியார், கோப்பையைக் கீழே வைத்தார்.

"போதும் விடுங்க, பாவம்! மாப்பிள்ளை, இவர் ஏரிக்கரையில இறங்கினதுமே கேமராவை அணைக்க மறந்து தோள்பைக்குள்ள போட்டுட்டார். கடைசி ஒரு மணி நேரமும் அது பைக்குள்ளதான் இருந்துச்சு."