ஒன்றாம் நம்பர் பெட்டி

"மாப்பிள்ளை, மாசக் கடைசிக்குள்ள இந்தப் பெட்டிங்க கிளம்பணும். இல்லேன்னா நீங்க கிளம்பணும்."

மாமனார் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தால்தான் மாப்பிள்ளைக்குப் பயம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் உரிமையை வாங்கி, தூசி தட்டி, டிஸ்க் போட்டு விற்கிற கம்பெனி அவருடையது. விற்பனைப் பொறுப்பு மாப்பிள்ளையுடையது. இதுவரை விற்காத பொறுப்பு என்று சொல்வதுதான் சரி.

ஒரு பழைய படத்துக்காக அட்டை அச்சகத்திலிருந்து பிளாஸ்டிக் உறையோடு வந்து இறங்கிய ஐந்நூறு பெட்டிகளும் கிடங்கில் கூரை முட்ட நின்றன. கிடங்கு காலியானால் மெத்தைக் கடை போடலாமென்று மைத்துனன் வேறு சுவரை அளந்துவிட்டுப் போயிருந்தான்.

மாப்பிள்ளை விலையைப் பாதியாகக் குறைத்தார்.

"பாதி விலையா? அப்ப பாதிப் படந்தான் வருமா?" என்று ஒருவர் போனில் கேட்டார். மற்றவர்கள் அதைக்கூடக் கேட்கவில்லை.

வெறுத்துப் போய் விலையை மூன்று மடங்காக ஏற்றினார். 'ஐந்நூறே பிரதிகள். இனி அச்சிடப்படாது' என்று விளம்பரம் கொடுத்தார். பெட்டிக்குப் பெட்டி தங்க நிறப் பேனாவால் நம்பர் எழுதினார். விளம்பரத்தில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. இன்னொரு தடவை அச்சிட மாமனார் விட்டால்தானே!

மறுநாள் முதல் போன் ஓயவில்லை. சேகரிப்பாளர்கள் என்றொரு இனம் இருப்பதே மாப்பிள்ளைக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த இனத்தில் இரண்டு பேருக்கு ஒன்றாம் நம்பர் பெட்டிதான் வேண்டுமாம்.

"எவ்வளவு ஆனாலும் சரி, ஒண்ணாம் நம்பர் எனக்குத்தான்" என்றார் ஓய்வு பெற்ற நீதிபதி.

"உங்களுக்குத்தாங்க ஐயா."

"ஒண்ணாம் நம்பரை வேற யாருக்காவது கொடுத்தீங்க, நடக்கறதே வேற" என்றார் பல் டாக்டர்.

"உங்களுக்குத்தாங்க டாக்டர்."

முடியாது என்று சொல்ல மாப்பிள்ளைக்கு வாய் வராது. அவர் கல்யாணமே அப்படி நடந்ததுதான். இன்னொரு பெட்டியிலும் ஒன்று என்று எழுதி அனுப்பிவிட்டார்.

இரண்டு பேரும் ஆசையாகப் படம் பிடித்துச் சேகரிப்பாளர் குழுவில் போட்டார்கள். அடுத்த நாள் இரண்டு பேரும் பெட்டியும் கையுமாக அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள்.

"இது மோசடி!" என்றார் நீதிபதி.

"என்னோடதுதான் ஒரிஜினல்!" என்றார் டாக்டர்.

மாமனார் மேஜையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். "எதுக்குச் சண்டை? ரெண்டையும் பிரிச்சுப் பாத்துடுவோம்."

இரண்டு பேரும் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்கள்.

"பிரிக்கறதா? முதல்ல கத்தரியைக் கீழ வைய்யா!"

"உறையில கீறல் விழுந்தாலே மதிப்பு போச்சு!"

வேலை போகிற பயத்தில் மாப்பிள்ளைக்கு எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ. "ஐயா, இது தப்பில்லீங்க. வேணும்னேதான் செஞ்சோம். இரட்டை ஒண்ணு. இந்த மாதிரி ஜோடி உலகத்துலயே உங்க ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு."

நீதிபதி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் நீதிபதியைப் பார்த்தார். இருவரும் சம்பந்திகள் போலக் கைகோத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அன்று மாலையே குழுவில் நீதிபதி தீர்ப்பு எழுதினார்: 'என்ன துல்லியம்! கதாநாயகனின் சட்டைப் பொத்தானில் நூல் பிரிந்திருப்பதுகூடத் தெரிகிறது.' கதாநாயகியின் கடைவாய்ப்பல்வரை தெளிவாகத் தெரிவதாக டாக்டர் எழுதினார். விடுவார்களா மற்றவர்கள்? வில்லன் மூச்சு விடுகிற சத்தம் தனியாகக் கேட்கிறது என்றார் ஒருவர். பின்னணி இசையில் அழுகையே வந்துவிட்டதாம் இன்னொருவருக்கு.

கூடவே புதுத் தலைவலியும் வந்தது. "என் நாப்பத்தேழுக்கு ஜோடி எங்கே?" "என் நூத்திப் பன்னெண்டு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று ஆளாளுக்குப் பிடுங்கினார்கள். மாப்பிள்ளை மிச்சமிருந்த பெட்டிகளின் நம்பரைத் துடைத்துவிட்டு ஜோடி நம்பர் போட்டார். விலையை இன்னும் இரண்டு மடங்கு ஏற்றினார். சண்டை போட வந்தவர்களே ஆளுக்கு இரண்டாக வாங்கிப் போனார்கள்.

மாசக் கடைசியில் கிடங்கு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மாமனார் மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"மெத்தையும் வேணாம் ஒண்ணும் வேணாம். இனிமே கம்பெனில பாதி உங்களுது மாப்பிள்ளை."

மனைவி போன் செய்தாள். "ஏங்க, அப்பா உங்களைப் புத்திசாலின்னு சொன்னாருங்க. அவர் வாயால!"

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை.

அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. டிரைவர் இறங்கித் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

"சார், உங்க படத்தோட டிஸ்க்கு ஐந்நூறும் நாலு மாசமா எங்க ஃபேக்டரியிலயே கிடக்கு, பெட்டியில போடறதுக்கு எடுத்துட்டுப் போக யாருமே வரலையேன்னு நானே கொண்டாந்துட்டேன், எங்க இறக்கட்டும்?"