சின்ன ட்ரம்பெட்டின் எச்சில்

"துப்புங்க."

"வரல."

"காலைல பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டும்போது அவர் சட்டையெல்லாம் தெறிச்சுதே, அது எங்க போச்சு?"

சமையலறை மேஜைமேல் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பி நின்றது. அதற்கு இந்தப் பக்கம் பெரிய ட்ரம்பெட், அந்தப் பக்கம் அவர் மனைவி. பேண்டு செட்டில் முதல் ட்ரம்பெட் ஊதுகிறவர் என்பதால் வெளியே எல்லோருக்கும் அவர் பெரிய ட்ரம்பெட்தான். கோபம் வந்தால் மனைவிக்கும் அவர் அதுதான்.

விஷயம் சின்னது. அவருடைய அண்ணனுக்கு ப்ராஸ்டேட்டில் புற்றுநோய் என்று போன மாதம் தெரிந்தது. டாக்டரம்மா அண்ணனின் எச்சிலை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். பரம்பரையாக வரும் ஒரு மாற்றம் அதில் அகப்பட்டது. அப்பாவும் அதே நோயில்தான் போயிருந்தார். ஆகவே கூடப் பிறந்த தம்பியும் எச்சில் கொடுக்கட்டும், அவருக்கும் அந்த அடையாளம் இருந்தால் நோய் தலையெடுப்பதற்குள் பிடித்துவிடலாம் என்று சொல்லி, குப்பியையும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"முடியாது. என் எச்சில், என் இஷ்டம்," என்றார் பெரிய ட்ரம்பெட்.

"ஊருக்கே ஊதறீங்க, எனக்காக ஒரு தடவை துப்பக் கூடாதா?"

"தெரியாத வரைக்கும் அது வியாதியே இல்ல. தெரிஞ்சாத்தான் வியாதி. எங்கப்பா கடைசி வரைக்கும் டாக்டர் வாசல மிதிக்கல. சிங்கம் மாதிரி இருந்தாரு."

"சிங்கம் கடைசி ஆறு மாசம் படுக்கையில கத்தினது எனக்குத் தெரியும். பக்கத்துல இருந்து பாத்தவ நான்."

அவள் குரல் உடைந்துவிட்டது. பெரிய ட்ரம்பெட்டுக்கு அந்தக் கத்தல் இன்னும் காதில் இருந்தது. அவருடைய பிடிவாதத்துக்கு அடியில் இருந்ததெல்லாம் பச்சைப் பயம். அதை ஒப்புக்கொள்வதைவிட ட்ரம்பெட்டையே விழுங்கிவிடுவார்.

"சரி, அழாத. வாசிச்சு முடிச்சா வாய் தானா ஊறும். இன்னைக்கு நிகழ்ச்சில துப்பி, வர்ற வழியிலயே குடுத்துட்டு வந்துடறேன்," என்று குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவருடைய திட்டமே வேறு.

அன்று ஒரு மரச்சாமான் கடைத் திறப்பு. பேண்டு செட்டில் இரண்டே ட்ரம்பெட். இரண்டாவதை ஊதுபவரின் பெயர், கேட்காமலே சொல்லிவிடலாம், சின்ன ட்ரம்பெட். நாற்பதைத் தாண்டியவர். மூன்று வருடம் முன் கட்டிய முன்பற்கள் பளபளக்க எப்போதும் சிரித்த முகம். வெயிலில் மணிக்கணக்காக ஊதிவிட்டு மற்றவர்கள் நாய் மாதிரி இரைக்கும்போது, இவர் மட்டும் நெற்றியில் பொட்டு வியர்வை இல்லாமல் தலை சீவிக்கொண்டிருப்பார். அப்படி ஒரு உடம்பு.

வாசிப்பும் அப்படித்தான். அவருடைய நாதம் தன் நாதத்தோடு பாலும் தண்ணீருமாகக் கலந்துவிடுவதாகவும், எவ்வளவு காதைத் தீட்டிக் கேட்டாலும் தனியாகப் பிரிக்க முடியாது என்றும் பெரிய ட்ரம்பெட் பெருமையாகச் சொல்வார். இருந்தாலும் சுருதி விஷயத்தில் அவர் யாரையும் நம்புவதில்லை. நிகழ்ச்சிக்கு முன்னால் சின்னவரின் ட்ரம்பெட்டை வாங்கி, முழுசாக ஒரு பாட்டு ஊதிப் பார்த்து, திருப்தியானால்தான் கையில் கொடுப்பார். அன்றும் அப்படியே கொடுத்தார்.

நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். ட்ரம்பெட்டின் வளைவில் ஒரு சின்ன விசை உண்டு. அழுத்தினால் உள்ளே தேங்கிய எச்சில் சொட்டும். பெரிய ட்ரம்பெட் ஒரு பெரிய அலமாரிக்குப் பின்னால் குனிந்து, சின்னவரின் ட்ரம்பெட்டிலிருந்து குப்பிக்குள் சொட்டவிட்டார். இந்தக் கல்லு மாதிரி உடம்பின் எச்சிலில் எந்தச் சோதனை என்ன கண்டுபிடித்துவிடும்? கிழித்துக்கொள்ளட்டும்.

ஒரு வாரத்தில் மருத்துவமனையிலிருந்து போன். எச்சிலில் தண்ணீர்தான் அதிகம், சோதனைக்குப் போதவில்லை, புதுக் குப்பியில் தாராளமாகத் துப்பவும்.

"துப்பறதுல கூடவா கஞ்சத்தனம்?" என்றாள் மனைவி.

அடுத்த நிகழ்ச்சி ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழா. குளிர்காற்று. சின்னவரின் ட்ரம்பெட்டில் சுருதி சேரவே இல்லை. பெரிய ட்ரம்பெட் கோபத்தோடு ஊதினார், ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக வசப்பட்டதும் சின்னவரிடம் நீட்டினார்.

விழா முடிந்ததும் பாசம் பொங்க, "குடு தம்பி. உன்னோடதையும் நானே சுத்தம் பண்ணிடறேன்," என்றார்.

சின்ன ட்ரம்பெட்டின் முகம் வெளிறியது. வாத்தியத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஐயோ, வேணாண்ணே! நீங்க போய்... என்னோட ட்ரம்பெட்ட..."

"பெரியவன் சின்னவன்னு பாக்காத. குடு."

என்ன மரியாதை, என்ன பணிவு என்று வியந்துகொண்டே பிடுங்கிக்கொண்டு போனார். இந்த முறை உள்குழாயையே கழற்றி, உதறி, தாராளமாகப் பிடித்துக்கொண்டார். பெரிய டிரம் அடிப்பதால் இடி என்று பெயரெடுத்தவர் மட்டும் தூரத்திலிருந்து பார்த்தது மாதிரி இருந்தது. இடி டிரம்மில் பேசுவதோடு சரி, வாயால் பேசுவது அபூர்வம். அதனால் பெரிய ட்ரம்பெட் கவலைப்படவில்லை.

பதினைந்து நாள் கழித்து டாக்டரம்மா நேரில் வரச் சொன்னார்.

"உங்க எச்சில்ல அந்த மாற்றம் இருக்கு. உங்க அண்ணனுக்கு எங்க இருக்கோ, அதே இடம், அதே மாற்றம். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தோம், ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க மாதிரி அப்படியே ஒத்துப்போகுது. பயப்படாதீங்க, இது நோய் இல்ல. வர்ற வாய்ப்பு அதிகம்னு ஒரு எச்சரிக்கை. ரத்தப் பரிசோதனை ஒண்ணு பண்ணிடலாம்."

மனைவி அவர் கையை இறுகப் பிடித்தாள். அவருக்கு எதுவும் காதில் விழவில்லை. அந்த எச்சில் சின்ன ட்ரம்பெட்டுடையது. அது எப்படி அண்ணனோடு ஒத்துப்போகும்?

அப்பா வெளியூர் பஸ் ஓட்டியவர். வாரத்தில் பாதி ராத்திரி வீட்டில் இருக்கமாட்டார்.

ரத்தப் பரிசோதனையை அப்புறம் பார்க்கலாம் என்று தட்டிக்கழித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், கூடத்தில் மாட்டியிருந்த அப்பா படத்தின் முன்னால் போய் நின்றார். "பஸ்தான் ஓட்டறீங்கன்னு நெனச்சோம்!" என்று பல்லைக் கடித்தார்.

"யார்கிட்டங்க பேசறீங்க?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"சிங்கத்துக்கிட்ட!"

அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. மூன்று வருடமாகத் தம்பி, தம்பி என்று வாய்ப்பேச்சுக்குக் கூப்பிட்டவன் நிஜமாகவே தம்பியா? யோசிக்க யோசிக்க மூக்கு அதேபோல் இருந்தது. நடை அண்ணனைப் போல் இருந்தது. கோபம் போய், பாசம் வந்தது. அப்பா கத்தியது மாதிரி இவனும் ஒரு நாள் கத்துவான். தெரிந்துகொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

மறுநாள் ஒத்திகை அறையில் சின்ன ட்ரம்பெட்டை ஓரங்கட்டினார்.

"தம்பி, ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்க. ப்ராஸ்டேட்டுக்கு."

"எனக்கா? எனக்கு என்னண்ணே?"

"என்னன்னு தெரிஞ்சுக்கத்தான்."

"தெரியாத வரைக்கும் அது வியாதியே இல்லண்ணே. தெரிஞ்சாத்தான் வியாதி. நீங்கதான சொல்லுவீங்க?"

பெரிய ட்ரம்பெட்டுக்குச் சுருக்கென்றது. தன் வாயிலிருந்து வந்தபோது கம்பீரமாக இருந்த வசனம், இன்னொருத்தன் சொல்லும்போது இத்தனை முட்டாள்தனமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"எவனோ சொன்னா நீயும் சொல்லுவியா? அறிவில்ல? கத்தியைக் கழுத்துல வெக்கிறவரைக்கும் கண்ணை மூடிட்டு நிக்கறதுக்குப் பேரு வீரமா? கட்டினவ நெஞ்சு என்ன பாடுபடும்னு யோசிச்சியா?"

பேசி முடித்த பிறகுதான், இதில் ஒரு வரிகூடத் தன்னுடையது இல்லை, எல்லாமே மனைவி வாசித்த பாட்டு என்பது அவருக்கு உறைத்தது. கையில் டிபன் கேரியரோடு அவளும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"எவ்வளவு அழகாப் பேசறீங்க!" என்றாள். "இதைக் கண்ணாடி முன்னாடி நின்னு பேசினா இன்னும் நல்லாருக்கும்."

சின்ன ட்ரம்பெட் இந்த இடைவெளியில் நழுவப் பார்த்தார். பெரியவர் சட்டையைப் பிடித்தார். சின்னவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "நீங்க குடுத்தா நானும் குடுக்கறேண்ணே." இவர் ஒருநாளும் கொடுக்கமாட்டார் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

பெரிய ட்ரம்பெட் மனைவியைப் பார்த்தார். சின்னவரைப் பார்த்தார். ரத்த பாசம் என்றால் சும்மாவா?

"குடுக்கறேன்டா! வியாதியாவது வெங்காயமாவது! இருந்தா வந்து மோதட்டும், இல்லேன்னா ஓடட்டும். ஒளிஞ்சு நிக்கறவன் நான் இல்ல. கிளம்பு!"

மருத்துவமனையில் அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போய் உட்கார்ந்த தோரணையைப் பார்த்து நர்ஸ் ஒரு அடி பின்வாங்கினார். "எடுங்கம்மா! எவ்வளவு வேணுமோ எடுங்க!" என்றார். நர்ஸ் ஒரு சிறு குழாய் எடுத்தார். சின்ன ட்ரம்பெட் ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்து, படுத்தபடியே ரத்தம் கொடுத்தார்.

முடிவு வந்தது. சின்ன ட்ரம்பெட்டுக்கு எல்லாம் சரியாக இருந்தது. பெரிய ட்ரம்பெட்டுக்கு, ப்ராஸ்டேட் கெட்டால் ரத்தத்தில் கூடும் புரதத்தின் அளவு எகிறியிருந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். பட்டாணி அளவுக்கு ஒன்று, இருந்த இடத்தைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தது.

"சரியான நேரத்துல வந்தீங்க," என்றார் டாக்டரம்மா. "ஒரு தொந்தரவும் தெரியலேன்னு இன்னும் ரெண்டு மூணு வருஷம் விட்டிருந்தா வேற கதை ஆகியிருக்கும்."

பெரிய ட்ரம்பெட்டுக்கு, பயந்துகொண்டே இருந்த பூதம் எதிரில் வந்து நின்றதும், இவ்வளவுதானா இதன் உயரம் என்று இருந்தது.

"எடுத்துப் போட எத்தனை நாளாகும்?" என்றார். "அப்புறம் எப்ப ஊதலாம்? அதை மட்டும் சொல்லுங்க."

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் பேண்டு செட்டிலிருந்து சின்ன ட்ரம்பெட்டும் இடியும் பார்க்க வந்தார்கள். மனைவி கட்டிலோரம் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெரிய ட்ரம்பெட் தலையணையில் நிமிர்ந்து சாய்ந்துகொண்டு, சின்னவரைக் கண்கலங்கப் பார்த்தார்.

"தம்பி, உங்கம்மா அடிக்கடி பஸ்ல போவாங்களா?"

"எங்கம்மாவா? பஸ்ஸைக் கண்டாலே வாந்தி எடுப்பாங்க. எதுக்குண்ணே?"

"மறைக்காத. எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நீ என் தம்பி."

"ஆமாண்ணே."

"அந்த ஆமா இல்லடா! எங்கப்பாவோட பிள்ளை நீ!"

பழம் நறுக்கிய கத்தி நின்றது. மனைவி கணவரின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள். அவர் கையை விலக்கிவிட்டு, அலமாரிக்குப் பின்னால் சொட்டவிட்டதிலிருந்து உள்குழாயை உதறியது வரை ஒன்றுவிடாமல் ஒப்புவித்தார்.

"ஊரான் எச்சிலையா குடுத்தீங்க?" மனைவிக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. "என்னை ஏமாத்திட்டு?"

"திட்டு, வாங்கிக்கறேன். ஆனா நான் குடுத்தது ஊரான் எச்சில் இல்ல, என் தம்பி எச்சில். இவன் ட்ரம்பெட்ல இருந்த எச்சில் எங்கண்ணனோட அச்சா ஒத்துப்போச்சுன்னு டாக்டரே சொன்னாங்க. இவனைக் காப்பாத்தப் போய்த்தான் நான் பொழைச்சேன். தம்பி, உன் எச்சில்தான்டா எனக்கு உசுரு குடுத்தது!"

சின்ன ட்ரம்பெட் தலையைக் குனிந்துகொண்டார். பளபளக்கும் முன்பற்கள் உதட்டுக்குள் போய்விட்டன. காதுமடல் சிவந்தது. அழுகிறான் என்று நினைத்து பெரிய ட்ரம்பெட் இரண்டு கைகளையும் நீட்டினார்.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த இடி, தொண்டையைச் செருமினார்.

"மூணு வருஷமா இவன் பின்னாடி நின்னுதான் டிரம் அடிக்கறேன். பல்லு கட்டினதுலருந்து, ஊதினா கழண்டுடும்னு இவன் கன்னத்தை உப்ப வெச்சுக்கிட்டு நிக்கறதோட சரி, ஒரு பாட்டு ஊதினதில்ல. அந்த ட்ரம்பெட்ட ஊதற ஒரே ஆளு, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சுருதி பாக்கற நீங்கதாண்ணே."