முட்டி சாரும் மருதாணியும்

தனக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொண்ட ஒரே வாத்தியார் உலகத்தில் எங்கள் முட்டி சார்தான். தப்பு செய்த பிள்ளைகளை முட்டி போட வைப்பார். அதனால் அந்தப் பேர். சொந்தப் பேர் யாருக்கும் ஞாபகமில்லை.

தொண்ணூறுகள் முடிகிற சமயம். கம்பம் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் நான் வாட்ச்மேன். கேட்டும் என் பொறுப்பு, மணியும் என் பொறுப்பு. தாளாளருக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. கொடியை வெட்டிக் கவாத்து பண்ணுகிற மாதிரியே பிள்ளைகளையும் பார்ப்பார். வருஷா வருஷம் புது ரூல் போடுவார். அதை அமல்படுத்துவது முட்டி சார்.

காலை மணி அடித்துவிட்டால் கேட்டைத் திறக்கக் கூடாது. அங்கீகாரம் புதுப்பிக்க வந்த அதிகாரியே ஒருநாள் வெளியில் நின்றார். ஜீப் ஹாரன் அடித்தது. முட்டி சார் என் கையைப் பிடித்தார்.

"தொறக்காதீகண்ணே. லேட்டுன்னா லேட்டுதான்."

"சார், ஸ்கூல் நடக்கலாமா வேணாமான்னு சொல்றவுகளே அவுகதான்."

"அப்ப அவுகளுக்கு ரூலு இன்னும் நல்லாத் தெரியணும்."

தாளாளர் ஓடி வந்து தன் கையால் திறந்தார்.

பெருநாள் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று பாதிப் பிள்ளைகள் கை சிவந்து வந்தார்கள். மருதாணி கூடாது என்பது அந்த வருஷத்து ரூல். கழுவினால் போகிற சாயமா அது. எல்லாரையும் வெயிலில் முட்டி போட வைத்தார். எந்த வீட்டிலிருந்தும் வந்து கேட்கவில்லை. கேட்டால் டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று பயம்.

ஒரு சின்னப் பிள்ளை மட்டும் கேட்டது.

"சார், ஒங்க தலையிலயும் மருதாணிதான?"

நரைக்குத் தடவியிருந்தார். பேன்ட்டை லேசாக ஏற்றிவிட்டு, அந்தப் பிள்ளை பக்கத்திலேயே முட்டி போட்டார். மறுநாள் மொட்டைத் தலையோடு வந்தார்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த தாளாளர் பேத்தி கை நிறைய மருதாணியோடு வந்தது. அதையும் முட்டி போட வைத்தார். தாளாளர் வந்தார்.

"யோவ், அது யாரு பிள்ளைன்னு தெரியுமாய்யா?"

"மூணாப்பு, பி செக்‌ஷன், ஐயா."

அன்றைக்கே சாருக்கு வேலை போயிற்று. ஊர்ப் பிள்ளைகள் நின்ற வெயிலுக்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பேத்தி நின்ற வெயில் மட்டும்தான் சுட்டது.

மத்தியானம் டிபன் பாக்ஸோடு கேட்டுக்கு வந்தார். திறந்தேன்.

"சாத்துங்கண்ணே. சாயந்தர மணி அடிக்காம யாரும் வெளிய போகக் கூடாது."

"ஒங்களுக்குத்தான் வேலையே இல்லையே சார்."

"ஒங்களுக்கு இருக்குல்ல."

என் ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை. வெயிலில் நின்றார். தலையில் முடி அப்போதுதான் முளைத்திருந்தது, வெள்ளையாக.

அன்றைக்கு மணியைக் கொஞ்சம் முன்னாடியே அடித்துவிட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டிபன் பாக்ஸோடு வெளியே போனார்.