விமர்சகருக்கு வீடு தெரியும்

"நானா, இது விமர்சனமில்ல. கடிதம்," என்றாள் தங்கை நிஸ்ரின்.

அஸ்ஜத் போட்டோக் கொப்பி இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

"என்ன கடிதம்?"

"தனிப்பட்ட வலைப்பூக்கள வாசிச்சி, வடிவமைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் புள்ளி போடுற பக்கமெண்டு நீங்க மேல எழுதியிரிக்கீங்க. கீழ மூணு விமர்சனம். மூணும் ஒரே ஆள்ட வலைப்பூ. பாக்கிற சனம் என்னத்த நினைக்கும்?"

சனம் சரியாகத்தான் நினைக்கும் என்பது அஸ்ஜத்துக்குத் தெரியும். அதுதான் பயம்.

அந்த வலைப்பூவின் பெயர் 'களப்புக் காற்று'. எத்தாளை ஊர் மீராசாஹிபின் மகள் ஷஸ்னாவுடையது. ஆறு வருடங்களுக்கு முன் புத்தளத்தில் மூன்று மாத இணைய வடிவமைப்பு வகுப்பில் அவள் முன்வரிசையில் இருந்தாள். சிலாபத்திலிருந்து பஸ் ஏறிப் போன அஸ்ஜத் பின்வரிசையில். மூன்று மாதத்தில் அவள் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஒரு பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளிக்கும் உள்ளே விடும் இடைவெளிக்கும் என்ன வித்தியாசம் என்று.

அஸ்ஜத் இருபது நிமிடம் விளக்கினான். "ரெண்டு சோத்துப் பார்சல பக்கத்துல பக்கத்துல வையுங்க. பார்சலுக்கும் பார்சலுக்கும் நடுவுல இரிக்கிற இடம் வெளி இடைவெளி. பார்சல அவிழ்த்தா, சோத்துக்கும் கடதாசிக்கும் நடுவுல இரிக்கிற இடம் உள் இடைவெளி. வெளியில கூட்டினா பார்சல் தள்ளிப் போகும். உள்ளுக்குக் கூட்டினா பார்சல் பெருக்கும்."

அவள் சிரித்து, "ஓம், விளங்கிச்சு," என்றாள். அவர்கள் பேசியது அவ்வளவுதான். அதை வைத்து ஆறு வருடம் ஓட்டியிருந்தான்.

அவள் எப்படி இருக்கிறாள் என்று யாரிடமாவது கேட்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். முடியாது. அந்தப் பக்கத்தில் ஒரு குமர்ப்பிள்ளையைப் பற்றி ஒருவன் ஒரு வார்த்தை விசாரித்தால், அது அன்றைக்கே கலியாணப் பேச்சு. நண்பகல் லுஹருக்குப் பாலாவிச் சந்தியில் கேட்டால் பின்னேர அஸருக்குள் கற்பிட்டி வரை போய்விடும். வாப்பா கடனில் விட்டுப்போன கடை ஒன்றும், வீட்டில் இருக்கும் தங்கச்சியும்தான் அப்போது அவனுடைய தகுதி. ஆகவே அவன் விசாரிக்கவில்லை. அவளுடைய வலைப்பூவை வாசித்தான். போன மாதம் துணிந்து, பெயர் போடாமல், 'விமர்சகர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் நின்று அதற்கு விமர்சனம் எழுதினான்.

நல்ல விமர்சனம். பக்கத்தைத் திறந்ததும் கண் எந்த மூலைக்குப் போகிறது, கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து ஏன் கண்ணைக் களைக்க வைக்கிறது, எல்லாம் எழுதினான். எழுத்தின் அளவு தேவைக்கு மேல் பெரிது என்றான். நான்கு வருடங்களுக்கு முன் நடை மாறியிருக்கிறது என்றும் கவனித்தான்: முதலில் வகுப்பும் பகிடியுமாக இருந்த பதிவுகள் பிறகு வெங்காயத் தோட்டம், தண்ணீர் மோட்டர், பின்னேரக் காற்று என்று அடங்கிவிட்டன, வாக்கியங்கள் சிறுத்துவிட்டன, எழுதுபவருக்கு முதிர்ச்சி வந்திருக்கிறது. இடைவெளி பற்றிச் சொல்லும்போது சோற்றுப் பார்சலையும் விடவில்லை.

மறுநாள் கீழே ஒரு பின்னூட்டம் இருந்தது.

'சோற்றுப் பார்சல் உதாரணத்தை முன்பும் கேட்டிருக்கிறேன். நீங்கள் நான் நினைக்கும் ஆள்தானா?'

அஸ்ஜத் அன்று ஒருவருடைய அடையாள அட்டையைப் பதினாறு பிரதி எடுத்துவிட்டான். அவர் கேட்டது ஒன்று. மாலையில் ஒரே சொல்லில் பதில் எழுதினான்: 'இருக்கலாம்.'

அதற்குப் பிறகு அவன் சொன்னதெல்லாம் அங்கே நடந்தது. பின்னணியை வெள்ளையாக்கச் சொன்னான், வெள்ளையானது. எழுத்தைச் சிறிதாக்கச் சொன்னான். 'சிறிதாக்கிவிட்டேன். வாசிக்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று பதில் வந்தது. முப்பது வயதுக்குள் அவளுக்குக் கண் பழுதாகிவிட்டதோ என்று அவன் இரண்டு நாள் வருந்தினான்.

"சரி, என்ன செய்யச் சொல்ற?" என்றான் தங்கச்சியிடம்.

"வேற ஆக்கள்டயும் எழுதுங்க. கூட்டத்துல ஒளிஞ்சா தெரியாது."

கூட்டத்தில் ஒளிவதற்காக அவன் முதலில் பிடித்தது 'நண்டும் நானும்' என்ற வலைப்பூ. திறந்தவுடன் மணியடிக்கும். தலைப்பு கண்சிமிட்டும். மேலிருந்து நட்சத்திரம் கொட்டும். நட்சத்திரத்துக்கு நடுவில் களப்பு நண்டு வகைகள் பற்றி உண்மையிலேயே நல்ல கட்டுரைகள். அஸ்ஜத் பத்துக்கு நான்கு போட்டான்.

மூன்றாம் நாள், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் கடைக்கு வந்து கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"தம்பி, ஒரு மறுப்புக் கடிதம் டைப் பண்ண வேணும். எவனோ ஒருத்தன் பேரும் போடாம என்ட வலைப்பூவுக்கு நாலு புள்ளி குடுத்திருக்கான். நான் இன்னாசிப்பிள்ளை. முப்பத்தி நாலு வருஷம் நில அளவையாளர். அளவெடுக்கிறத எனக்கு ஒருத்தன் சொல்லித்தாறதா?"

அஸ்ஜத்தின் விரல் தானாகவே விசைப்பலகைக்குப் போனது.

"எழுதுங்க. 'விமர்சகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அறிவிலிக்கு.'"

எழுதினான்.

"'உமக்கு நண்டும் தெரியாது, நாகரிகமும் தெரியாது.' கடுமையா இருக்கா?"

"கொஞ்சம் இரிக்கி சேர்."

"அப்ப விடுங்க, நல்லா இருக்கு. தம்பிட டைப் பிழையில்லாம இருக்கு. அந்த அறிவிலி உங்கட்ட வந்து படிக்கலாம்."

தன்னைத் திட்டும் கடிதத்துக்கு ஐம்பது ரூபாய் வாங்க மனமில்லாமல் அவன் சும்மா கொடுத்துவிட்டான். அன்று பின்னேரமே, மறுபரிசீலனை என்று தலைப்புப் போட்டு, உள்ளடக்கத்துக்காக 'நண்டும் நானும்' வலைப்பூவுக்கு எட்டுப் புள்ளி கொடுத்தான். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தான்.

காலையில் 'களப்புக் காற்று' பக்கத்திலிருந்து பின்னூட்டம் வந்திருந்தது.

'அந்நியருக்கு எட்டு. எனக்கு ஏழா?'

அஸ்ஜத் அதை ஒன்பது தடவை வாசித்தான். அந்நியருக்கு. அப்படியானால் அவன் அந்நியனில்லை. அவன் உடனே அவளுக்கு ஒன்பது போட்டான். பத்துத்தான் போட நினைத்தான். விமர்சகருடைய மரியாதைக்காக ஒன்றைக் குறைத்தான்.

இன்னாசிப்பிள்ளை மறுநாள் அடிமட்டத்தோடு வந்தார். இரண்டு வலைப்பூவையும் அச்செடுத்து மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அளந்தார்.

"பாருங்க தம்பி. என்ட ஓரம் இருபது மில்லிமீற்றர். அந்தப் புள்ளட ஓரம் இருபது மில்லிமீற்றர். என்ட கட்டுரை நாலு பக்கம், அந்தப் புள்ளட அரைப் பக்கம். அரைப் பக்கத்துல என்ன இருக்கு? வாசிக்கிறன் கேளுங்க. 'பின்னேரமானால் வாசல் படலைப் பக்கம் கண் போகிறது. யாரும் வருவதாகச் சொல்லவில்லை. ஆனாலும் போகிறது. கோப்பைகளைக் கழுவும்போது ஒன்று கூடுதலாக இருக்கிறது.' இதுக்கு ஒன்பதா?"

அஸ்ஜத் அச்சுத்தாளைத் தன் பக்கம் இழுத்தான். "நல்லாத்தானே இரிக்கி சேர்."

"நல்லாத்தான் இருக்கு. அதுதான் சந்தேகம். அந்த விமர்சகனுக்கும் இந்தப் புள்ளைக்கும் ஏதோ இருக்கு. ஊர் எத்தாளையெண்டு பக்கத்துல போட்டிருக்கு, அங்க எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்காங்க. போன் போட்டு ஆரெண்டு விசாரிக்கிறன்."

விசாரிப்பது என்றால் என்னவாகும் என்று ஏற்கெனவே சொன்னேன். ஆறு வருடம் அவன் காத்து வைத்திருந்த பெயர், நண்டுக்காகக் கற்பிட்டி வரை போய்விடும்.

"இப்ப வேணாம் சேர்," என்றான் அஸ்ஜத். "அந்த ஆள் நியாயமானவனா இரிந்தா, பிழையெண்டு தெரிஞ்சா திருத்துவான். ஒரு நாள் பொறுங்க."

அந்த ஒரு நாளில் அவன் தன் வாழ்க்கையிலேயே மிகக் கொடுமையான விமர்சனத்தை எழுதினான். 'களப்புக் காற்று' எழுதுபவர் யாருக்காகவோ காத்திருக்கிறார். யாருக்கென்று வாசகருக்குச் சொல்வதில்லை. நான்கு வருடமாக ஒரே படலை, ஒரே பாதை. வராத ஒருவருக்காக எழுதிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. ஐந்து புள்ளி.

இன்னாசிப்பிள்ளை மனம் குளிர்ந்து அவனுக்கு இரண்டு கிலோ நண்டு கொண்டுவந்து கொடுத்தார். எத்தாளைக்குப் போன் போகவில்லை.

ஆனால் 'களப்புக் காற்று' நின்றுவிட்டது.

ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. பதினேழு நாள். தலைப்புப் படத்தில் மட்டும் அதே வீடு: நீலப் படலை, இரண்டு தென்னை, பின்னால் பச்சையாக வெங்காயப் பாத்தி. அந்தப் படத்தை அவன் எத்தனை தரம் பார்த்திருப்பான் என்பதற்குக் கணக்கில்லை. வருகையாளரை எண்ணும் கருவி ஒன்று பக்கத்தின் அடியில் இருந்தது. அது ஆளை எண்ணாது, திறப்பதைத்தான் எண்ணும். ஒரே ஆள் நூறு தடவை திறந்தால் நூறு பேர் வந்ததாகக் காட்டும். அந்தப் பதினேழு நாளில் அங்கே ஆயிரத்துச் சொச்சம் பேர் வந்துபோனார்கள். எல்லோரும் அஸ்ஜத்.

"நானா சோறும் தின்னல்ல," என்றாள் நிஸ்ரின். "மன்னிப்புக் கேட்டு எழுதுங்க."

"என்னெண்டு?"

"இருபது நிமிஷம் விளக்காம, ஒரு வரியில."

அவன் ஒரு வரிதான் எழுதினான். 'நான் எழுதியது பிழை. நீங்கள் காத்திருப்பதை நிறுத்தவேண்டாம்.'

பதில் அன்றைக்கே வந்தது.

'கோபமில்லை. கோபித்துக் களைத்துவிட்டேன். பெருநாள் வருகிறது. பெருநாளன்று பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள். விமர்சகருக்கு வீடு தெரியும்தானே.'

நிஸ்ரின் அதை உரக்க இரண்டு தரம் வாசித்தாள். "ஓம் நானா. இது உங்களத்தான். ஆனா தனியப் போகாதீங்க. தங்கச்சியோட போனாத்தான் அது முறையாப் பொண்ணு கேட்டுப் போறது."

பெருநாளன்று புதுச் சட்டையும், ஒரு பெட்டி மஸ்கட் இனிப்புமாக இருவரும் சிலாபத்தில் பஸ் ஏறினார்கள். பாலாவியில் இறங்கிக் கற்பிட்டி பஸ்ஸுக்கு மாறினார்கள். அஸ்ஜத் வழி முழுக்கப் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே களப்பு அவர்கள் கூடவே வந்தது.

"முதல்ல சலாம் சொல்லணும். பொறகு வாப்பாவுக்கு நான் ஆரெண்டு விளங்கப்படுத்தணும். வகுப்புலயிருந்து தொடங்கட்டா?"

"சோத்துப் பார்சல எடுத்தீங்களோ, நான் அடுத்த பஸ்ஸுல திரும்பிருவன்."

எத்தாளையில் இறங்கி யாரிடமும் அவன் வழி கேட்கவில்லை. தேவைப்படவில்லை. இரண்டு தென்னைகளைத் தூரத்திலேயே கண்டுகொண்டான். நீலப் படலையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக, உயரமான ஒரு மனிதர் கையை நெற்றியில் வைத்துப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மீராசாஹிப். கண்ணாடி தடிப்பானது.

அவருடைய பார்வை அஸ்ஜத்தைத் தாண்டி நிஸ்ரினில் வந்து ஒரு நொடி நின்றது. அவள் கிட்ட வந்ததும் விலகி மறுபடியும் பாதைக்குப் போனது.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றான் அஸ்ஜத்.

"வஅலைக்கும் ஸலாம். ஆரத் தேடுறீங்க மகன்? கொஞ்சம் வழியால தள்ளி நிண்டு கதைங்க. ஆள் வார நேரம்."

"வரச் சொல்லியிரிந்திச்சு," என்றான். ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் இல்லை. "நான்தான்... விமர்சகர்."

மீராசாஹிப் கண்ணாடியைக் கழற்றினார். அவனைப் பார்த்தார். நிஸ்ரினின் கையிலிருந்த மஸ்கட் பெட்டியைப் பார்த்தார்.

"நீங்களா?"

"ஓம்."

"முதல்லயிருந்தே நீங்கதானா? அந்தச் சோத்துப் பார்சலும்?"

"ஓம். வகுப்புல நான்தான் சொல்லிக்குடுத்த..."

அவர் முழுவதையும் கேட்கவில்லை. படலையை அவர்களுக்காக அகலத் திறந்துவிட்டு, முற்றத்தைக் கடந்து, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வெங்காயப் பாத்திகளுக்குள் நடந்து போனார்.

"கோவமாப் போறார் நானா," என்று நிஸ்ரின் மெல்லச் சொன்னாள்.

உள்ளேயிருந்து ஷஸ்னாவின் உம்மா லெய்லா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவசரமாக வந்தார். பின்னால் மேசையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போதுமான பலகாரம் பரப்பியிருந்தது. அஸ்ஜத் கதிரையின் நுனியில் உட்கார்ந்தான். நிஸ்ரின் பெட்டியை நீட்டினாள்.

"மாமி, பிழையா நினைக்காதீங்க. நாங்க முறையாத்தான் வந்திரிக்கம். நானா ஆறு வருஷமா ஷஸ்னாவ மனசுல வச்சிரிக்கார். அவ எழுதுற ஒவ்வொரு வரியும் அவருக்குப் பாடம். அவவும் நானா சொன்ன ஒண்டையும் தட்டல்ல. அவ உள்ளுக்கா இரிக்கா?"

லெய்லா பெட்டியை வாங்கவில்லை. வாசலுக்கு வெளியே, பாத்திகளுக்கு நடுவில் முதுகு காட்டி நிற்கும் மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷஸ்னா வாப்பாவோட கோவிச்சிட்டு மாப்பிளையோட கத்தாருக்குப் போய் நாலு வருஷம் மகள், அண்டையிலயிருந்து அவட பக்கத்துல எழுதுறது இந்த மனுசன்தான், வகுப்பால வந்து அவ சொன்ன சோத்துப் பார்சலக் கண்டு, அந்த விமர்சனமெல்லாம் எழுதுறது அவதானெண்டு நம்பி, இண்டைக்கு விடியச் சுபஹு தொழுதிட்டு வந்து படலையில நிண்டவர்."